கோடு போட்ட 'என்': எஃபிக், இபிபியோ, அனாங் மொழிகளுக்கு ஒரு விசைப்பலகை செய்த பதிவு

எஃபிக் மொழியில் 'என்' என்னும் ரோமன் எழுத்தின் தலைக்கு மேல் ஒரு சிறு கோடு இழுத்தால் அது ங் ஒலியாகிறது. தண்ணீருக்கான சொல் இந்த எழுத்தில் முடிகிறது. புத்தகத்துக்கான சொல் இந்த எழுத்தில் தொடங்குகிறது. ஆனால் யூனிகோடில், அதாவது எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் பொதுத் தரத்தில், இதற்கென்று தனி எண் கிடையாது. பக்கத்து நிலத்தில் வாழும் இக்போ மக்கள் அதே ஒலிக்கு 'என்' மேல் புள்ளி வைக்கிறார்கள். அதற்குத் தனி எண் இருக்கிறது. ஸ்பானிய மொழியின் நெளிகோட்டு 'என்'னுக்கும் இருக்கிறது. எஃபிக்கின் கோட்டு 'என்'னை மட்டும் இரண்டு துண்டாகத்தான் சேமிக்க முடியும்: முதலில் வெறும் 'என்', அடுத்து 0304 என்ற எண்ணுள்ள கோடு. இனிமேல் கேட்டாலும் தனி எண் கிடைக்காது. இருக்கிற துண்டுகளைக் கொண்டு எழுத முடிகிற எழுத்துக்குப் புது எண் தருவதில்லை என்பது யூனிகோடின் கறாரான கொள்கை. இந்தப் பதிவில் வரும் வேலைகளில் பாதிக்கு மேல் இந்த ஓர் எழுத்தால் வந்தவை.

நான் இருப்பது நைஜீரியாவின் தென்கிழக்கே, அக்வா இபோம் மாநிலத்தின் தலைநகரான உயோவில். கல்லூரி ஒன்றில் கணினி கற்பிக்கிறேன். ஊரில் பேசுவது இபிபியோ. கிழக்கே ஆற்றைத் தாண்டிக் காலபாருக்குப் போனால் எஃபிக். வடமேற்கே, ராஃபியா நாரில் பை முடைவதற்குப் பேர்போன இகோட் எக்பெனே பக்கம் போனால் அனாங். மூன்றும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய மொழிகள். ஒரு மொழிக்காரர் பேசுவதை மற்றவர் பெரும்பாலும் புரிந்துகொள்கிறார். ஆனால் மூன்றும் ஒன்றே என்று யாரிடமாவது சொன்னால் முகம் மாறிவிடும். மாறுவதில் நியாயமும் இருக்கிறது.

எழுத்து முதலில் வந்தது எஃபிக்குக்கு. 1846-ல் ஸ்காட்லாந்து மிஷனரிகள் காலபாரில் வந்திறங்கினார்கள். ஹியூ கோல்டி மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1862-ல் வந்தது. அலெக்சாண்டர் ராப் செய்த பழைய ஏற்பாட்டோடு 1868-ல் முழு விவிலியமும் எஃபிக்கில் வந்துவிட்டது. அதன் பிறகு நெடுங்காலம் இபிபியோ, அனாங் ஊர்களிலும் தேவாலயத்திலும் பள்ளியிலும் எஃபிக்தான் எழுத்து மொழி. இபிபியோவுக்கென்று தனி எழுத்து முறையை ஓகோன் எசியென் போன்ற மொழியியலாளர்கள் 1980-களில்தான் வகுத்துக் கொடுத்தார்கள். ஆகவே இங்கே படித்த முதியவர் ஒருவர் வீட்டில் இபிபியோ பேசுவார், எஃபிக்கில் ஜெபிப்பார், ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவார். அவர் கணினி முன் உட்கார்ந்தால் மூன்றையும் ஒரே விசைப்பலகையில் தட்டத்தான் விரும்புவார்.

அப்படி ஒருவருக்காகத்தான் இந்த வேலை தொடங்கியது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பெரியவர்களை 'எட்டெ' என்று அழைப்பது இங்கே வழக்கம். நானும் அப்படியே அழைக்கிறேன். பல ஆண்டுகளாக அவர் ஒரு சொற்பட்டியல் தொகுத்து வருகிறார். தலைச்சொல் எஃபிக்கிலும் இபிபியோவிலும், விளக்கம் ஆங்கிலத்தில். ஆங்கில விசைப்பலகையில் தட்டி, அச்சடித்து, பிறகு பேனாவை எடுத்து வேண்டிய உயிரெழுத்துகளின் அடியில் புள்ளியும் வேண்டிய 'என்'களின் மேல் கோடும் போடுவார். தாளில் எல்லாம் சரியாக இருக்கும். கோப்பில் எதுவும் இருக்காது. "கோடும் புள்ளியும் இல்லாமல் குறுஞ்செய்தி அனுப்பலாம், அகராதி எழுத முடியாது" என்றார் அவர். கோப்பிலேயே சரியாக எழுத ஒரு வழி செய்து தருகிறேன் என்று சொல்லி வந்தேன்.

முதலில் பழைய கோப்புகள். பட்டியலின் ஒரு பகுதியை 90-களின் இறுதியில் ஒரு தட்டச்சு நிலையத்தில் கொடுத்துத் தட்டியிருந்தார். அங்கே அவர்கள் ஓர் ஒட்டு எழுத்துருவைப் பயன்படுத்தியிருந்தார்கள்: நெளிவு அடைப்புக்குறி இருக்கும் இடத்தில் புள்ளி போட்ட 'ஓ', விழுக்காட்டுக் குறி இருக்கும் இடத்தில் கோடு போட்ட 'என்'. பாமினியையும் டிஸ்கியையும் கடந்து வந்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எழுத்துரு இருக்கும் கணினியில் சொல் தெரியும். இல்லாத கணினியில் குப்பை தெரியும்.

கோப்பு முழுவதும் விழுக்காட்டுக் குறியைக் கோட்டு 'என்'னாக மாற்றினால், ஆங்கில விளக்கத்தில் உண்மையாகவே விழுக்காடு வரும் இடங்களும் கெட்டுப்போகும். நல்ல வேளையாக, தலைச்சொற்கள் மட்டும் ஒட்டு எழுத்துருவிலும் விளக்கங்கள் வேறு சாதாரண எழுத்துருவிலும் இருந்தன. லிப்ரே ஆஃபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் திறந்து புதிய கோப்பு வடிவத்தில் சேமித்தேன். பிறகு பைத்தான் நிரல்மொழியில் ஒவ்வொரு துண்டு உரைக்கும் எந்த எழுத்துரு என்று பார்த்து, ஒட்டு எழுத்துரு உள்ள துண்டுகளை மட்டும் மாற்றினேன். பழைய கோப்புகளை மீட்க நினைக்கும் யாருக்கும் நான் சொல்வது இதுதான்: வெறும் உரையாக நகலெடுத்துவிடாதீர்கள். எழுத்துருவின் பெயர் போய்விட்டால் எது குறி, எது எழுத்து என்று பிரித்தறியும் ஒரே தடயமும் போய்விடும்.

இபிபியோவில் இன்னும் ஓர் எழுத்து உண்டு: தலைகீழாக நிறுத்திய 'வி' போன்ற உயிரெழுத்து. சின்னதற்கும் பெரியதற்கும் தனித்தனி எண்கள் இருக்கின்றன. பெரியதன் எண் 0245. ஆனால் எட்டெயின் கோப்புகளில் சில இடங்களில் அதற்குப் பதில் கிரேக்க எழுத்தான லாம்டாவும், சில இடங்களில் விசைப்பலகையின் 6-க்கு மேலிருக்கும் கூரைக் குறியும் இருந்தன. கண்ணுக்கு மூன்றும் ஏறக்குறைய ஒன்று. கணினிக்கு மூன்றும் வேறு வேறு. இவற்றையெல்லாம் ஒரே எழுத்தாக்கினேன்.

அடுத்தது இயல்பாக்கம், அதாவது பல விதமாகச் சேமிக்கக்கூடிய ஓர் எழுத்தை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது. தமிழில் 'கொ' என்பதைக் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. தேடும்போதுதான் ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காமல் போகும். எஃபிக்கிலும் அதே கதைதான், கொஞ்சம் நீளமாக. புள்ளி போட்ட 'ஓ'வுக்குத் தனி எண் இருக்கிறது. வெறும் 'ஓ'வோடு 0323 என்ற அடிப்புள்ளியைச் சேர்த்தும் அதையே எழுதலாம். அதன் மேல் உயர் தொனிக் குறியான 0301 ஏறினால் எழுதும் வழிகள் இன்னும் கூடுகின்றன.

இந்த மொழிகளில் தொனி பொருளையே மாற்றும். எஃபிக்கில் 'அக்பா' என்று ஒரே எழுத்துகளில் எழுதும் சொல்லுக்கு நதி என்றும் பொருள், முதல் என்றும் பொருள். பேசும்போது தொனிதான் பிரித்துக் காட்டுகிறது. உயர் தொனி, தாழ் தொனி, இவற்றோடு படி இறங்கிய உயர் தொனி என்ற ஒன்றும் உண்டு. அன்றாட எழுத்தில் யாரும் தொனி போடுவதில்லை. இடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். ஆனால் அகராதியின் தலைச்சொல்லில் தொனி வேண்டும் என்பதில் எட்டெ உறுதியாக இருந்தார். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. பேசும்போது கேட்கும் வேறுபாட்டை அகராதியும் தரவில்லை என்றால் வேறு யார் தருவார்கள்?

அடிப்புள்ளியும் தொனியும் எந்த வரிசையில் வந்தாலும் யூனிகோடின் இயல்பாக்கம் சரிசெய்துவிடும். ஒவ்வொரு குறிக்கும் ஒரு வகுப்பு எண் உண்டு. அடியில் வருவதற்கு 220, மேலே வருவதற்கு 230. சிறியது முன்னால் போகும். ஆகவே 'ஓ', தொனி, புள்ளி என்று தட்டினாலும் 'ஓ', புள்ளி, தொனி என்று தட்டினாலும் முடிவில் ஒன்றாகிவிடும். சிக்கல் கோட்டு 'என்'னில்தான். இந்த மொழிகளில் மூக்கொலி தானே ஓர் அசையாக நிற்கும். அப்போது அதுவும் தொனி ஏற்கும். கோடும் மேலே, தொனியும் மேலே, இரண்டுக்கும் வகுப்பு 230. இரண்டும் ஒரே வகுப்பானால் யூனிகோடு வரிசையைத் தொடாது. கோடு முதலில் வந்த சொல்லும் தொனி முதலில் வந்த சொல்லும் எந்த இயல்பாக்கத்துக்குப் பிறகும் இரண்டு வேறு சொற்களாகவே இருக்கும். அதிலும் தொனி முதலில் வந்தால் அது 'என்'னோடு ஒட்டி, தனி எண்ணுள்ள வேறோர் எழுத்தாகி, கோடு மட்டும் தனியே தொங்கும்.

இதற்கு விசைப்பலகையிலேயே முடிவு கட்டினேன். பயனர் எந்த வரிசையில் தட்டினாலும் வெளியே போவது எப்போதும் 'என்', கோடு, தொனி என்ற வரிசைதான். கோடு எழுத்தின் அங்கம்; தொனி அதன் மேல் ஏறுவது. இந்த ஒழுங்கை எழுதுபவரின் தலையில் சுமத்தக் கூடாது.

விசைப்பலகையைக் கீமேன் என்ற இலவச மென்பொருளில் செய்தேன். விதிகளை ஒரு சாதாரண உரைக் கோப்பில் எழுதலாம்: முன்னால் இன்ன எழுத்து இருந்து இன்ன விசை அழுத்தப்பட்டால் இன்னது வெளிவர வேண்டும் என்று ஒரு வரி. அதைத் தொகுத்தால் விண்டோஸிலும் மேக்கிலும் லினக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் ஓடும்.

எந்த விசை என்பதில்தான் நீண்ட யோசனை. இந்த மொழிகளுக்குத் தேவைப்படாத ரோமன் எழுத்துகள் சில உண்டு; எக்ஸ் அவற்றில் ஒன்று. 'ஓ' அடித்து எக்ஸ் அடித்தால் புள்ளி வரட்டும் என்பது முதலில் தோன்றிய எண்ணம். ஆனால் எட்டெ அதே விசைப்பலகையில் ஆங்கில விளக்கமும் தட்டுகிறார். ஆங்கிலத்தில் ஓ-வுக்குப் பின் எக்ஸ் வரும் சொல் எத்தனையோ. அரைப்புள்ளி விசை விரலுக்கு வசதியான இடத்தில் இருக்கிறது. ஆனால் அகராதியில் ஒரு பொருளையும் அடுத்த பொருளையும் பிரிப்பதே அரைப்புள்ளிதான். வலப்பக்க ஆல்ட் விசையோடு சேர்த்து அழுத்துவது நிரலாளருக்குப் பழகும். மூட்டு வலியுள்ள முதியவருக்கு இரண்டு விசையை ஒன்றாகப் பிடிப்பது தண்டனை.

கடைசியில் [ என்ற சதுர அடைப்புக்குறியைத் தேர்ந்தெடுத்தேன். வலது சுண்டுவிரல் எட்டும் தூரம். எழுத்தை ஒட்டி, இடைவெளி விடாமல் அந்தக் குறி வருவது உரையில் மிக அரிது. 'ஓ' அடித்து [ அடித்தால் அடிப்புள்ளி. 'என்' அடித்து [ அடித்தால் மேற்கோடு. 'வி' அடித்து [ அடித்தால் தலைகீழ் உயிர். இன்னொரு முறை [ அடித்தால் எழுத்து பழையபடி ஆகி, அடைப்புக்குறி அதன் பக்கத்தில் வந்து நிற்கும். பக்கத்து விசையான ] தொனிக்கு: ஒருமுறை அடித்தால் உயர்வு, மறுமுறை தாழ்வு, அதற்கு மேல் தொனி நீங்கிவிடும். இவ்வளவுதான் மனப்பாடம் செய்ய வேண்டியது. அட்டையில் எழுதி எட்டெயின் மேசையில் ஒட்டினேன். கொஞ்ச நாளில் அட்டையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

அடுத்து அழிப்பு விசை. தமிழில் 'க்' அடித்துவிட்டு அழித்தால் முதலில் புள்ளி மட்டும் போகும், 'க' நிற்கும். நமக்கு அது பழகிவிட்டது. புள்ளியைத் தனியாகப் பார்க்கவும் கற்றிருக்கிறோம். எஃபிக் எழுதுபவருக்குக் கோட்டு 'என்' முழுவதும் ஓர் எழுத்து. அழித்தால் முழுதாகப் போக வேண்டும். புள்ளி போட்ட 'ஓ' தனி எண் உள்ளதால் ஒரே அழுத்தில் போய்விடுகிறது; கோட்டு 'என்'னில் கோடு மட்டும் போய், 'என்' எஞ்சுகிறது. விரைவாகத் திருத்தும்போது கண் இதைக் கவனிக்காது. கோடில்லாத 'என்' அப்படியே சொல்லுக்குள் தங்கிவிடும். ஆகவே ஒரு தனி விதி: முன்னால் 'என்'னும் கோடும் இருந்து அழிப்பு விசை அழுத்தப்பட்டால் இரண்டும் சேர்ந்து போக வேண்டும். தொனியும் இருந்தால் மூன்றும். சில வரிகள்தான். இந்த விசைப்பலகையில் எனக்கு மிகப் பிடித்த வரிகள் இவை. எழுதுபவரின் மனத்தில் எழுத்து எங்கே முடிகிறதோ அங்கேதான் கணினியிலும் முடிய வேண்டும்.

நிறுவிக் கொடுத்துவிட்டு அவர் தட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சொற்செயலியில் எஃபிக் சொல் ஒவ்வொன்றின் கீழும் சிவப்பு நெளிகோடு ஓடியது, ஆங்கிலப் பிழை என்று. அந்த நெளிகோடு நேராக அடிப்புள்ளியின் மேல் விழுந்தது. புள்ளி இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் சொல்லவே முடியவில்லை. புள்ளியைச் சரிபார்ப்பதற்காகவே திரையைப் பார்க்கும் ஒருவருக்கு மென்பொருள் அதைத்தான் மறைத்தது. தலைச்சொல்லின் பாணியில் மொழித் திருத்தம் வேண்டாம் என்று அமைத்ததும் நெளிகோடு மறைந்தது. இணையப் பக்கங்களில் இணைப்பின் அடிக்கோடும் இதையே செய்யும். இந்த மொழிகளில் பக்கம் வடிவமைப்பவர்கள் இணைப்புக்கு அடிக்கோடு போடாமல் நிறத்தால் காட்டுவது நல்லது. அல்லது கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும்.

எழுத்துருவிலும் தேர்வு வேண்டும். பல எழுத்துருக்களில் பெரிய 'என்'னின் மேல் கோடு எழுத்தோடு ஒட்டிவிடுகிறது, அல்லது வலப்பக்கம் நழுவி அடுத்த எழுத்தின் தலையில் உட்காருகிறது. கோட்டின் மேல் தொனியும் ஏறினால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சாகின்றன. எந்த எழுத்தின் மேல் எந்தக் குறி எங்கே உட்கார வேண்டும் என்ற நங்கூரப் புள்ளிகள் எழுத்துருவுக்குள் இருந்தால்தான் இது சரியாக வரும். சாரிஸ், டூலோஸ், ஜென்டியம் ஆகிய மூன்றும் சரியாக வந்தன, மூன்றும் இலவசம். அச்சுக்குச் சாரிஸை வைத்துக்கொண்டோம். சிறிய அளவிலும் அடிப்புள்ளி தெளிவாக விழுகிறது.

அகரவரிசைக்கு வருகிறேன். எட்டெயின் கையெழுத்துப் பட்டியலில் கோட்டு 'என்' தனி எழுத்து. 'என்' சொற்கள் முழுதும் முடிந்த பிறகே அது தொடங்கும். கே-யும் பி-யும் சேர்ந்து எழுதும் 'க்ப்' ஒலியும் அவருக்குத் தனி எழுத்து; கே சொற்களுக்குப் பிறகு வரும். உதட்டையும் பின்னாக்கையும் ஒரே நேரத்தில் அடைத்து விடும் ஒலி அது, இரண்டு ஒலி அல்ல. விரிதாளில் போட்டு வரிசைப்படுத்தினால் இந்த ஒழுங்கு குலைந்துவிடும். ஐசியூ என்ற நிரலகத்தில் வரிசைக்கு நாமே விதி எழுதலாம்: 'என்'னுக்குப் பிறகு கோட்டு 'என்', 'கே'க்குப் பிறகு 'க்ப்', ஒவ்வோர் உயிருக்கும் பிறகு அதன் புள்ளி வடிவம், தொனி மட்டும் வேறுபட்டால் கடைசியில் பார்த்துக்கொள். ஒரே வரி விதிதான். பட்டியலை அதில் ஓட்டி அச்சடித்துக் கொடுத்தேன். அவர் கையெழுத்துப் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டார். 'க்ப்' சொற்கள் சேர்ந்து நின்ற பக்கத்தில் விரல் நின்றது. "இப்போதுதான் இது என் பட்டியல்" என்றார்.

தேடலுக்கு நேர் எதிரான மனநிலை வேண்டும். எழுதுபவர் எல்லாக் குறியும் போட வேண்டும். தேடுபவர் எதுவும் போடமாட்டார். கைபேசியில் இளைஞர்கள் நன்றி சொல்லும் சொல்லைப் புள்ளி இல்லாமல், கோட்டு 'என்'னுக்குப் பதில் என், ஜி இரண்டையும் சேர்த்து, 'சோசோங்கோ' என்றே எழுதுகிறார்கள். பட்டியலில் இருப்பதோ மூன்று புள்ளி 'ஓ'வும் நடுவில் ஒரு கோட்டு 'என்'னும். வழக்கமான முறைப்படி எல்லாக் குறிகளையும் உரித்தால் கோட்டு 'என்' வெறும் 'என்'னாகி, ஜி இல்லாமல் நிற்கும், தேடியது கிடைக்காது. ஆகவே உரிப்பதற்கு முன்பே கோட்டு 'என்'னை என்-ஜி என்று மாற்றிவிட வேண்டும். அதன் பிறகு மற்றக் குறிகளை உரிக்கலாம். கைபேசியில் கீமேன் சொல் பரிந்துரைக்கும் பகுதிக்கும் இதே விதியை எழுதினேன். இப்போது குறியில்லாமல் தட்டினாலும் குறியுள்ள சொல் மேலே வருகிறது, தொட்டால் போதும். சரியான எழுத்து சோம்பலான வழியிலேயே கைக்கு வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் யாரும் எழுதமாட்டார்கள்.

பிழைதிருத்திக்கு ஹன்ஸ்பெல் என்ற இலவச மென்பொருள். லிப்ரே ஆஃபிஸ் அதை நேரடியாக ஏற்கும். ஒரு கோப்பில் சொற்கள், இன்னொன்றில் விதிகள். எந்தெந்த எழுத்து ஒன்றுக்கொன்று மாறி வரக்கூடும் என்று விதிக் கோப்பில் சொல்லலாம்: 'ஓ'வும் புள்ளி 'ஓ'வும் ஒரு கூட்டம், 'ஈ'யும் புள்ளி 'ஈ'யும் ஒரு கூட்டம். கோட்டு 'என்' இரண்டு துண்டு என்பதால் அதை அடைப்புக்குறிக்குள் வைத்துத்தான் கூட்டத்தில் சேர்க்க முடியும். அப்படி வைக்காவிட்டால் கோடு தனி எழுத்தாக எண்ணப்படும். உள்ளே வரும் சொல்லின் மாற்று வடிவங்களை ஒரே வடிவமாக்கும் வரிகளும் வேண்டும், ஏனென்றால் ஹன்ஸ்பெல் தானாக இயல்பாக்கம் செய்யாது.

காதால் கேட்டு எழுதுபவர்கள் செய்யும் பிழை ஒன்று இருக்கிறது. க ஒலிக்கு முன்னால் 'என்' வந்தாலே அது ங் என்றுதான் ஒலிக்கும். அங்கே கோடு போடுவதில்லை. பொருள் அல்லது விஷயம் என்பதற்கான சொல் அப்படித்தான் வெறும் 'என்'னில் தொடங்குகிறது. கோட்டின் அருமை தெரிந்த இளைஞர்கள் ஆர்வத்தில் அங்கேயும் கோடு போட்டுவிடுகிறார்கள். அதற்குத் திருத்தப் பரிந்துரை ஒன்று சேர்த்தேன். வினைகளுக்கு முன்னொட்டு விதிகள்: 'செய்' என்பது 'நாம்', 'செய்ய' என்பது 'ந்டிநாம்', 'போ' என்பது 'கா', 'போக' என்பது 'ந்டிகா'. இப்படி ஒழுங்காக வருபவற்றை மட்டும் விதியாக்கினேன். உயிர்கள் ஒன்றுக்கொன்று இசைந்து மாறும் இடங்களைச் சொற்களாகவே பட்டியலில் வைத்திருக்கிறேன். தவறான சொல்லைச் சரி என்று சொல்லும் திருத்தி, திருத்தியே இல்லாததைவிடக் கேடு.

எண்ணுப் பெயர்களைப் பட்டியலில் சேர்க்காமல் ஒரு சிறு நிரலால் உண்டாக்கினேன். எனக்கு இந்த மொழியில் மிக இன்பம் தந்த பகுதி இது. ஐந்து 'இட்டியோன்', ஆறு 'இட்டியோகியெட்', அதாவது ஐந்தும் ஒன்றும், ஏழு 'இட்டியாபா', ஐந்தும் இரண்டும். பத்து 'டுவோப்'. பதினைந்துக்கு 'எஃபிட்' என்று தனிப் பெயர். இருபது 'எடிப்', முப்பது 'எடிப் யெ டுவோப்', இருபதும் பத்தும். நாற்பது 'அபா', ஐம்பது 'அபா யெ டுவோப்'. அறுபது 'அட்டா', நூறு 'இகியே'. இருபதின் மேல் இருபதாக ஏறும் கணக்கு. சில சொற்களும் ஒரு சுழற்சியும் போதும், நூறு வரை எல்லா எண்ணுக்கும் பெயர் வந்துவிடுகிறது.

இதே நிலத்தில் இருபதின் கணக்குக்கு எழுத்து வடிவமும் உண்டு. 1930-களில் ஓபெரி ஓகாயிமே என்ற இபிபியோ கிறித்தவச் சபையில் மெடெஃபைட்ரின் என்ற புது மொழியும் அதற்கொரு புது எழுத்தும் பிறந்தன. சபையார் அதை வெளிப்பாடாகப் பெற்றதாகக் கொண்டு வழிபாட்டில் பயன்படுத்தினார்கள். அதில் பூஜ்யம் முதல் பத்தொன்பது வரை இருபது இலக்கங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து இரண்டும் உண்டு. 2018-ல் யூனிகோடு 11-ஆம் பதிப்பில் அது இடம்பெற்றது. அந்த எழுத்து உள்ள நோட்டோ எழுத்துருவை நிறுவி எட்டெயிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

எல்லாவற்றையும் ஒரே 'எஃபிக்-இபிபியோ' மொழி என்று ஒரு பெயரில் வைத்துவிடலாமே என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். விசைப்பலகை ஒன்றே போதும். எழுத்துகள் பெரும்பாலும் பொது. ஆனால் ஐஎஸ்ஓ மொழிக் குறியீட்டில் மூன்றுக்கும் மூன்று குறிகள் இருக்கின்றன. கீமேன் தொகுப்பில் மூன்றையும் ஒரே விசைப்பலகையோடு இணைக்கலாம்; இணைத்தேன். சொற்பட்டியலும் பிழைதிருத்தியும் மட்டும் தனித்தனி. தண்ணீர் என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொண்டாலே எஃபிக்கில் புள்ளி 'ஓ' ஒன்று, இபிபியோவில் இரண்டு. இபிபியோ நெடிலை இரட்டித்து எழுதும். ஒரு மொழியின் திருத்தி இன்னொரு மொழியின் சரியான சொல்லில் சிவப்புக் கோடு போட்டால், அந்த மொழிக்காரர் தன் மொழியே பிழை என்று படிப்பார். இகோட் எக்பெனேயிலிருந்து வரும் என் சக ஆசிரியை இதைத்தான் சொன்னார்: "பள்ளியில் என் பாட்டி எஃபிக் படித்தார், என் அம்மாவும் எஃபிக் படித்தார். கணினியிலாவது அனாங் அனாங்காக இருக்கட்டும்." அனாங் பட்டியலை அவரே தொடங்கியிருக்கிறார்.

இந்த ஊரில் நான் தனியாக எதையும் தொடங்கிவிடவில்லை. உயோ பல்கலைக்கழகத்தில் எனோ-அபாசி உருவா, மோசஸ் எக்பென்யோங் முதலியோர் இபிபியோ உரையைக் கணினி குரலாக வாசிக்கும் ஆய்வை நான் வருவதற்கு நெடுநாள் முன்பே செய்திருக்கிறார்கள். 2014-ல் அது குறித்த அவர்களின் கட்டுரை பேச்சுத் தொழில்நுட்ப ஆய்விதழ் ஒன்றில் வந்தது. எழுத்தில் தொனி இல்லாதபோது குரலுக்குத் தொனியை எங்கிருந்து எடுப்பது என்பது அந்த ஆய்வின் பெருஞ்சிக்கல்களில் ஒன்று. தொனி போட்ட தலைச்சொற்கள் உள்ள ஒரு கோப்பு அப்படிப்பட்ட வேலைக்கு எவ்வளவு உதவும் என்று எண்ணும்போது, ] விசைக்காகச் செலவிட்ட மாலைகள் எதுவும் வீண் என்று தோன்றவில்லை.

இப்போதைய நிலை: கணினி விசைப்பலகை முடிந்துவிட்டது. எஃபிக் பிழைதிருத்தியை எட்டெ நாள்தோறும் பயன்படுத்துகிறார். விடுபட்ட சொற்களை ஒரு தாளில் குறித்துத் தருகிறார். மின்சாரம் நின்றுவிடும் மாலைகளில் அந்தத் தாளை வைத்துக்கொண்டு மடிக்கணினியில் சேர்த்துவிடுகிறேன். இபிபியோ திருத்திக்கு வினை விதிகள் பாதிதான் ஆகியிருக்கின்றன. கைபேசியில் 'என்' விசையை நீள அழுத்தினால் கோட்டு 'என்' முதலில் வரும்படி வைத்திருக்கிறேன். தொனியை அங்கே எப்படித் தருவது என்று இன்னும் முடிவாகவில்லை. நீள அழுத்தும் பெட்டியில் தொனி வடிவங்களையும் சேர்த்தால் ஒவ்வோர் உயிருக்கும் பெட்டி நீண்டுவிடுகிறது; சிறிய திரையில் விரல் தவறான எழுத்தில் விழுகிறது. தொனிக்கென்று தனியாக ஒரு விசையைக் கீழ் வரிசையில் வைத்துப் பார்க்கப் போகிறேன்.